மொட்டை மாடியில் பிரோமிலியட்: வளர்ப்பும் பெயர் கண்டறிதலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், நிழல்வலைக்குக் கீழே, பன்னிரண்டு ஆண்டுகளாக பிரோமிலியட் வளர்த்துவருகிறேன். இன்றைய கணக்கில் 140 தொட்டிகள் இருக்கின்றன. கன்று கேட்டு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை ஓரிடத்தில் எழுதிவைக்கிறேன். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பெயர் தெரியாத செடிக்கு யூகத்தில் பெயர் எழுதக் கூடாது. கீழே உள்ள பதில்களில் பாதி அங்கேதான் போய் நிற்கும்.

பிரோமிலியட் என்றால் என்ன?

அன்னாசியின் குடும்பம். அன்னாசிச் செடியைப் பார்த்தவர்களுக்கு இதன் உருவம் புதிதில்லை: ஒரே புள்ளியிலிருந்து சுற்றிலும் விரியும் இலைகள், பெரும்பாலும் நடுவிலிருந்து எழும் பூந்தண்டு. இந்தக் குடும்பத்தில் 3,500க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. வட அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து தென் அமெரிக்காவின் படகோனியா வரை இவற்றின் தாயகம். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக வளர்வது ஒன்றே ஒன்றுதான்: மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் பாறைகளில் வளரும் பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மரத்தின் மேல் தொற்றி நிற்கும் செடியைக் காட்டி யாராவது பிரோமிலியட் என்று சொன்னால், அது பெரும்பாலும் ஆர்க்கிடாகவோ பெரணியாகவோ இருக்கும்.

அன்னாசியைப் போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். பழத்தோடு பெயரும் கூடவே வந்தது. 'அன்னாசி' என்பது தென் அமெரிக்காவின் துப்பி மொழிச் சொல் போர்த்துக்கீசியம் வழியாக நம் நாவில் படிந்த வடிவம். குடும்பத்தின் பெயரோ சுவீடன் நாட்டு மருத்துவரும் தாவரவியலாளருமான ஓலோஃப் புரோமேலியஸ் என்பவரிடமிருந்து வந்தது.

நர்சரியில் பிரோமிலியட் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது உண்மைதானா என்று எப்படி உறுதி செய்வது?

நல்ல கேள்வி. ஏனென்றால் ரியோ, டிரசீனா, மருள், சிறிய கற்றாழை வகைகள் எல்லாமே இலையடுக்காக நிற்பவை, அவசரத்தில் குழப்பிக்கொள்ளலாம்.

முதலில் இலையின் அடிப்பகுதியைப் பாருங்கள். பெரும்பாலான வீட்டு பிரோமிலியட்களில் இலைகளின் அடி ஒன்றையொன்று இறுகத் தழுவி, நடுவில் தண்ணீர் நிற்கும் கிண்ணம்போல் ஆகியிருக்கும். ரியோவில் அப்படி நீர் தேங்காது. கற்றாழையில் இலை சதைப்பற்றாக இருக்கும்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பொழுதுபோக்கில் தொட்டியைவிட முதலில் வாங்க வேண்டியது அதுதான். பிரோமிலியட் இலையின் மேல், குறிப்பாக அடிப்பக்கத்தில், பொடிப்பொடியான வெள்ளைச் செதில்கள் தெரியும். அவை செடி தண்ணீர் குடிக்கும் உறுப்புகள். தில்லான்சியா ஜெரோகிராஃபிகா என்ற வெள்ளிநிறச் செடி இருந்தால், காய்ந்த இலையில் ஒரு சொட்டு நீர் வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். சொட்டு உருண்டு நிற்காது. விளிம்பிலிருந்து ஊறிப் பரவும். வெள்ளிச் செதில்கள் ஒவ்வொன்றாக நனைந்து கண்ணாடிபோல் ஆக, கீழே இருக்கும் பச்சை மேலே வரும். சொட்டு பட்ட இடம் மட்டும் பச்சைப் பொட்டாக நிற்கும். காய்ந்ததும் மறுபடி வெள்ளி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

சென்னை, மதுரை, திருச்சி போன்ற வெயில் ஊர்களில் எதில் தொடங்கலாம்?

நியோரெகீலியா. அதன் பிறகு பில்பெர்ஜியா, அக்மியா. இடம் குறைவாக இருந்தால் கிரிப்டாந்தஸ். முழு வெயில் விழும் மாடிச் சுவர் என்றால் டிக்கியா. அது சதைப்பற்றுள்ள முள்செடி, தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும்.

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது குஸ்மேனியாதான். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று பூந்தண்டோடு பளபளப்பாக நிற்கும். அது ஈரமும் நிழலும் நிறைந்த மழைக்காட்டுச் செடி. ஏற்காடு, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். சமவெளியில் அக்னி நட்சத்திரத்தின் வறண்ட காற்று அதை வாட்டிவிடும். முதல் செடியாக குஸ்மேனியா வாங்கி, அது செத்ததும் "நமக்கு ராசியில்லை" என்று விட்டுவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கியது அந்த ஊருக்குப் பொருந்தாத செடி, அவ்வளவுதான்.

வெயிலில் வைக்கலாமா?

காலை வெயில் வேண்டும், பிற்பகல் வெயில் வேண்டாம். ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே நியோரெகீலியாவின் சிவப்பு நன்றாக ஏறும். சித்திரை பிறந்ததும் அதன் மேல் இன்னொரு அடுக்கு வலை போட்டுவிடுவேன்.

வெளிச்சம் குறைந்தால் இலைகள் நீண்டு, ஒடுங்கி, பச்சையாகித் தொங்கும். போதுமான வெளிச்சத்தில் இலை குட்டையாக, அகலமாக, நிறமாக இருக்கும். இந்த வேறுபாடு பெயர் கண்டறிவதில் பெரிய குழப்பம் உண்டாக்கும். ஒரே தாயின் இரண்டு கன்றுகளில் ஒன்றை நிழலிலும் ஒன்றை வெளிச்சத்திலும் ஓராண்டு வைத்தால், இரண்டு வேறு செடிகள் என்று சத்தியம் செய்வீர்கள். ஆகவே இலை நிறத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நிழலில் வளர்ந்த செடியை வெளிச்சத்துக்கு மாற்றும்போது இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் மாற்றினால் இலை நடுவில் வெளிறிய தீப்புண் விழும். அது ஆறாது, அந்த இலை உதிரும்வரை அப்படியேதான் இருக்கும்.

எப்படித் தண்ணீர் ஊற்றுவது? போர்வெல் தண்ணீர் போதுமா?

கிண்ணச் செடிகளுக்குக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். மரத்தில் தொற்றி வாழும் இந்த வகைகளுக்கு வேர் முக்கியமாகப் பிடிமானத்துக்கு. சாப்பாடும் தண்ணீரும் பெரும்பாலும் இலை வழியாகத்தான். தொட்டியில் இருக்கும் கலவை லேசான ஈரமாக இருந்தால் போதும்.

போர்வெல் தண்ணீர்தான் சென்னையில் பெரிய சிக்கல். கிண்ணத்தில் நிற்கும் நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கி, இலையடியில் வெள்ளைக் கோடு விழும்; பிறகு இலை நுனி பழுப்பாகும். ஐப்பசி, கார்த்திகை மழையை மூடிய டிரம்களில் பிடித்துவைத்துக்கொண்டால் தை, மாசி வரைக்கும் வரும். அதன் பின் போர்வெல் தண்ணீர்தான் என்றால், வாரம் ஒருமுறை செடியைக் கவிழ்த்துப் பழைய நீரை முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஊற்றாதீர்கள். அதில் உப்பு இன்னும் அதிகம்.

கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் கொசு வராதா? டெங்கு பயமாக இருக்கிறது.

வரும். இதை மழுப்பக் கூடாது. வெப்பமான நாட்களில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஏழு முதல் பத்து நாளுக்குள் பறக்கும் பருவத்துக்கு வந்துவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வையோமியா என்ற கொசுப் பேரினத்தில் பிரோமிலியட் கிண்ணங்களிலேயே வாழ்ந்து பழகிய சிற்றினங்கள் இருக்கின்றன.

நான் வாரம் இரண்டு முறை குழாயின் வேகமான நீரைக் கிண்ணத்துக்குள் பாய்ச்சி, உள்ளே இருப்பதை வெளியே தள்ளுகிறேன். மழைக்காலத்தில் பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கொசுப்புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா மருந்தை அட்டையில் சொன்ன அளவில் இடுகிறேன். செடிக்கு அதனால் தீங்கில்லை. மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ ஒரு துளிகூடக் கிண்ணத்தில் விடாதீர்கள். எண்ணெய் அந்தச் செதில்களை அடைத்து, செடியின் மூச்சையே நிறுத்திவிடும். வாரம் இரண்டு முறை கழுவ முடியாதவர்கள், ஊருக்குப் போய்வருகிறவர்கள், கிண்ணச் செடிகளை விட்டுவிட்டு கிரிப்டாந்தஸ், டிக்கியா, தில்லான்சியா வளர்க்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடல்நலத்தைவிட எந்தச் செடியும் பெரிதில்லை.

தாயகத்தில் இந்தக் கிண்ணங்கள் ஒரு சிறிய குளத்தின் வேலையைச் செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கோஸ்டாரிக்காவில் ஸ்ட்ராபெர்ரி நச்சுத்தவளை தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து வந்து இவற்றில் விடுகிறது. ஜமைக்காவில் ஒரு நண்டு பிரோமிலியட் கிண்ணத்து நீரில் குஞ்சுகளை வளர்க்கிறது.

தொட்டிக் கலவை?

செம்மண் வேண்டாம். தேங்காய் மட்டைத் துண்டு இரண்டு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு, உடைத்த செங்கல் சல்லி ஒரு பங்கு. மட்டைத் துண்டை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைக் கழுவ வேண்டும். தரையில் வளரும் கிரிப்டாந்தஸுக்கு மட்டும் இதோடு மக்கிய இலைத்தூள் சேர்ப்பேன்.

உரம்?

மிகக் குறைவாக. நீரில் கரையும் உரத்தை அட்டையில் உள்ள அளவில் கால் பங்காகக் கரைத்து, மாதம் ஒருமுறை கலவையில் ஊற்றினால் போதும். நியோரெகீலியாவுக்கு உரம் அதிகமானால் நிறம் போய், கீரைபோல் பச்சையாகிவிடும். சாணக் கரைசலையும் பஞ்சகவ்யத்தையும் கிண்ணத்தில் ஊற்றினால் பாசி பிடித்து நடுக்குருத்து அழுகும்.

நடுக்குருத்து திடீரென்று கறுத்துப்போனது. ஏன்?

செம்பு பட்டதா என்று முதலில் யோசியுங்கள். பிரோமிலியட்களுக்கு செம்பு நஞ்சு. ஆறாவது ஆண்டில் எனக்கு இது நேர்ந்தது. மேல் தட்டில் இருந்த எலுமிச்சைக்குப் போர்டோக் கலவை தெளித்தேன். அது மயில்துத்தம், அதாவது தாமிர சல்ஃபேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்தது. இலையிலிருந்து வடிந்த சொட்டுகள் கீழ்த்தட்டு நியோரெகீலியாக்களின் கிண்ணத்தில் விழுந்தன. இரண்டு வாரத்தில் ஒன்பது செடிகளின் நடு இலைகள் கறுத்து, பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டன. நான்கு செடிகள் மட்டும் அடியில் கன்று விட்டுப் பிழைத்தன.

அதற்குப் பிறகு செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி மாடிக்கே வருவதில்லை. செம்புக் கம்பியால் செடியைக் கட்டுவதில்லை, செம்புக் குடத்துத் தண்ணீரை ஊற்றுவதில்லை, ஏ.சி. இயந்திரத்தின் சொட்டு நீர் செம்புக் குழாய்களின் மேல் படிந்து வருவதால் அதையும் தொடுவதில்லை. துத்தநாகம் பூசிய கம்பியையும் தவிர்ப்பது நல்லது.

செம்பு காரணமில்லை என்றால், சூடேறிய குழாயில் நின்ற கொதிநீர், அல்லது காற்றோட்டமில்லாத மூலை, அல்லது தொட்டியில் மிக ஆழமாக நட்டது காரணமாக இருக்கலாம்.

பூத்த பிறகு தாய்ச்செடி செத்துக்கொண்டே வருகிறது. என்ன தவறு செய்தேன்?

ஒரு தவறும் இல்லை. வாழையை நினைத்துக்கொள்ளுங்கள். குலை தள்ளிய வாழை முடிந்துபோகும், அடியில் கன்று நிற்கும். இதுவும் அதே முறைதான். ஓர் இலையடுக்கு ஒருமுறைதான் பூக்கும். பூத்தபின் ஓராண்டு, சில நேரம் இரண்டாண்டு நின்று கன்றுகளுக்குப் பால் கொடுப்பதுபோல் ஊட்டிவிட்டு வாடும். பூத்ததும் அழகு போய்விட்டது என்று தூக்கி எறிகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அடுத்த தலைமுறையே அந்த அடியில்தான் இருக்கிறது.

விதிவிலக்குகள் உண்டு. டிக்கியாவின் பூந்தண்டு பக்கவாட்டில் எழுவதால் அது பூத்தபின்னும் தொடர்ந்து வளரும். பெரு, பொலிவியா நாட்டு ஆண்டீஸ் மலைகளில் வளரும் பூயா ரைமாண்டீ இதற்கு நேர் எதிர். பல பத்தாண்டுகள் பூக்காமல் நின்று, பத்து மீட்டர் உயரம்வரை நிமிர்ந்து, ஆயிரக்கணக்கான பூக்களை ஒரே தண்டில் பூத்து, விதை சிந்திவிட்டு அடியோடு சாகும். கன்று விடாது.

கன்றை எப்போது பிரிக்கலாம்?

தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் பிரிக்கலாம்; பாதி வரும்வரை பொறுத்தால் இன்னும் பாதுகாப்பு. கூர்மையான, சுத்தமான கத்தியால் தாயை ஒட்டி வெட்டி, வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு நடுங்கள். வேர் பிடிக்கும்வரை ஆடாமல் இருக்க ஒரு குச்சி கட்டுங்கள். அக்மியா ஃபாசியாட்டா போன்றவற்றின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முள்ளுக்கும் அது உதவும்.

வளர்ந்து நான்கு ஆண்டு ஆகியும் பூக்கவில்லை. பூக்க வைக்க முடியுமா?

வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்கவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். புகையில் இருக்கும் எத்திலீன்தான் அங்கே வேலை செய்கிறது. அதே எத்திலீன் பிரோமிலியட்களைப் பூக்கத் தூண்டும். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடங்களுக்குள் புகைபோட்டு அன்னாசியைப் பூக்கவைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது.

வீட்டில் செய்ய: கிண்ணத்து நீரைக் கொட்டிவிட்டு, முழுதாக வளர்ந்த செடியை ஒரு நன்கு பழுத்த ஆப்பிளோடு பெரிய பிளாஸ்டிக் பையில் வைத்துக் கட்டி, ஒரு வாரம் முதல் பத்து நாள் நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் உள்ளே அவிந்துவிடும். ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தண்டு தெரியும். இளஞ்செடியில் செய்தால் நோஞ்சான் பூதான் கிடைக்கும். பெயர் தெரிந்துகொள்ள அவசரப்பட்டு இதைச் செய்கிறவர்கள் பொறுமையாக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். செடிக்கு முழு வலு வந்து பூத்தால்தான் அதன் உண்மையான அளவுகள் தெரியும்.

சரி, பெயர் கண்டுபிடிக்க எங்கே தொடங்குவது?

விரல் நுனியில். இலை விளிம்பை அடியிலிருந்து நுனிவரை மெல்லத் தடவுங்கள்.

விளிம்பு வழவழப்பாக, முள்ளே இல்லாமல் இருந்தால் அது தில்லான்சியா கிளை: குஸ்மேனியா, வ்ரீசியா, தில்லான்சியா ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் காய் உலர்ந்து வெடிக்கும். உள்ளே இருக்கும் விதைக்கு எருக்கம் விதையைப்போல் பஞ்சுக் குஞ்சம் இருக்கும். காற்றில் பறந்து மரக்கிளையில் ஒட்டிக்கொள்ள அந்த ஏற்பாடு.

விளிம்பில் முள் இருந்தால் பெரும்பாலும் அன்னாசிக் கிளை: அக்மியா, பில்பெர்ஜியா, நியோரெகீலியா, நிடுலேரியம், கிரிப்டாந்தஸ். இவற்றில் சூற்பை இதழ்களுக்குக் கீழே இருக்கும், காய் சதைக்கனியாகும். முள்ளும் இருந்து, காயும் உலர்ந்து வெடித்தால் டிக்கியா போன்றவற்றின் பக்கம் தேடுங்கள்.

இந்த முதல் படியை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆனால் அடுத்த படிக்குப் பூ வேண்டும். பூ இல்லாமல் பேரினத்தைத் துணிந்து சொல்வதே கடினம். சிற்றினத்தைச் சொல்லவே கூடாது.

பூ வந்துவிட்டது. எதைப் பார்க்க வேண்டும்?

பூங்கொத்து எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கிண்ணத்து நீருக்குள் அமிழ்ந்து, சிறு பூக்கள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே எட்டிப் பார்த்தால் நியோரெகீலியாவாக இருக்கலாம். அதே போன்ற இடத்தில், நிறமான பூவடிச் செதில்கள் (பூவுக்குக் கீழே இருக்கும் இலை போன்ற பகுதிகள்) சற்றே உயர்ந்து ஒரு குருவிக்கூடுபோல் அடுக்கடுக்காக நின்றால் நிடுலேரியம். அந்தப் பெயரே இலத்தீனில் கூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

தண்டு வெளியே நீண்டு வந்தால் அக்மியாவா பில்பெர்ஜியாவா என்பது கேள்வி. பில்பெர்ஜியாவுக்கு இலை குறைவு, செடி குழாய்போல் நிமிர்ந்திருக்கும், பூ சில நாளில் முடிந்துவிடும், இதழ்கள் நீளமானவை. அக்மியாவின் பூங்கொத்து வாரக்கணக்கில், சிலவற்றில் மாதக்கணக்கில் நிற்கும். புல்லிதழின் நுனியில் பெரும்பாலும் ஒரு சிறு முள் குத்தும். அக்மியா என்ற பெயருக்கு மூலமான கிரேக்கச் சொல்லின் பொருள் ஈட்டிமுனை.

வழவழப்பு விளிம்புக்காரர்களில்: பூக்கள் தண்டின் இரு பக்கம் மட்டும் தட்டையாக, வாள்போல் அடுக்கப்பட்டிருந்தால் வ்ரீசியாவை நினையுங்கள், சுற்றிலும் எல்லாத் திசையிலும் இருந்தால் குஸ்மேனியாவை. உறுதிப்படுத்த ஒரு பூவைத் தியாகம் செய்ய வேண்டும். சவர பிளேடால் நீளவாக்கில் பிளந்து இதழின் அடியை லென்ஸில் பாருங்கள். இதழ்கள் குழாயாக ஒட்டியிருந்தால் குஸ்மேனியா. தனித்தனியாக இருந்து ஒவ்வொன்றின் உள்ளடியிலும் இரண்டு சிறு செதில்கள் இருந்தால் வ்ரீசியா. தனித்தனியாக இருந்து செதில் இல்லையென்றால் தில்லான்சியா.

14ஆம் எண் தொட்டியை இங்கே சொல்ல வேண்டும். விற்றவர் அக்மியா என்று சொல்லிக் கொடுத்த செடி அது. சீட்டில் "முள் விளிம்பு, பெயர் தெரியவில்லை" என்று மட்டும் எழுதி மூன்று ஆண்டு காத்திருந்தேன். ஒரு புரட்டாசி காலையில் ஆறு மணிக்கு மாடி ஏறினால், கிண்ணத்தின் நடுவில் தீப்பந்தம்போல் ஒரு பூங்கொத்து நிமிர்ந்து நிற்கிறது. முந்தைய மாலை ஒரு கூம்புதான் தெரிந்தது. ரோஸ் நிறப் பூவடிச் செதில்கள், சிவப்பு இதழ்கள், ஒவ்வோர் இதழின் நுனியிலும் ஊதா தொட்டதுபோல் ஒரு தீற்று, தண்டெல்லாம் மாவு தூவியதுபோல் வெள்ளை. பில்பெர்ஜியா பிரமிடாலிஸ். ஒரு வாரத்தில் வாடிவிட்டது. அந்த வாரத்தில் நான் ஊரில் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஓரிரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

ஒரு படத்தை அனுப்பினால் பெயர் சொல்லிவிட முடியாதா?

மேலிருந்து எடுத்த ஓர் அழகான படத்தை வைத்து யாராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. இப்படி எடுத்து அனுப்புங்கள்: முழுச் செடி பக்கவாட்டில், அருகில் ஓர் அளவுகோலோடு, இலை விளிம்பும் நுனியும், இலையின் அடிப்பக்கம், பூங்கொத்து முழுதாக, ஒரே பூ நெருக்கத்தில், பிளந்த பூ. கூடவே எப்போது, எங்கே வாங்கியது, எவ்வளவு வெளிச்சத்தில் இருக்கிறது என்பதும் வேண்டும். இத்தனையும் இருந்தாலும் "இதன் அருகில் வரும்" என்றுதான் பல நேரம் பதில் கிடைக்கும்.

காரணம், வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பங்கு கலப்பினங்கள். நியோரெகீலியாவில் மட்டும் ஆயிரக்கணக்கான பெயரிட்ட ரகங்கள் இருக்கின்றன. 1950இல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டு பிரோமிலியட் சங்கம் இந்த ரகப் பெயர்களின் பதிவேட்டைப் பராமரிக்கிறது. பதிவேட்டுப் படத்தைப்போல் உங்கள் செடி இருக்கிறது என்பதற்காக அது அதுவாகிவிடாது. நியோரெகீலியா 'ஃபயர்பால்' என்ற ரகத்தின் பெயர், அதே செடியிலிருந்து கன்று கன்றாகப் பிரிந்து வந்தவற்றுக்கு மட்டுமே உரியது. அதன் விதையில் முளைத்தது, அதைப்போலவே சிவந்திருந்தாலும், 'ஃபயர்பால்' இல்லை.

ஆகவேதான் என் பிடிவாதம். தவறான பெயரோடு ஒரு கன்று வீட்டைவிட்டு வெளியே போனால், அது பத்து வீட்டில் பத்துக் கன்றாகும். அந்தத் தவறைத் திரும்ப அழைக்க வழியே இல்லை. "பெயர் தெரியவில்லை" என்ற சீட்டோடு போனால், அதை வாங்கியவர் நாளை பூவைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்.

பழைய சீட்டில் இருக்கும் பெயரும் புதிய பட்டியலில் இருக்கும் பெயரும் வேறாக இருக்கின்றனவே?

மரபணு ஆய்வுகள் வந்தபின் பல பேரினங்கள் பிரிக்கப்பட்டன. நாம் நெடுங்காலம் வ்ரீசியா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று அழைத்த, இலையில் கறுப்புப் பட்டையும் சிவப்பு வாள் பூங்கொத்தும் கொண்ட செடி 2016 முதல் லூதேரியா ஸ்ப்ளெண்டென்ஸ். ஹாரி லூதர் என்ற தாவரவியலாளரின் பெயர் அது. ஃபுளோரிடாவின் மேரி செல்பி தாவரவியல் பூங்காவில் பிரோமிலியட் அடையாளம் காணும் மையத்தைப் பல ஆண்டுகள் நடத்தி, பிறகு சிங்கப்பூரின் கார்டன்ஸ் பை த பே பூங்காவில் பணியாற்றி, 2012இல் மறைந்தவர். உலகெங்கிலுமிருந்து வந்த பெயர் தெரியாத செடிகளுக்குப் பெயர் சொல்வதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு இது பொருத்தமான மரியாதை என்று நினைக்கிறேன்.

சீட்டில் பழைய பெயரை அடிக்காதீர்கள். அதன் கீழே புதியதை எழுதுங்கள்.

சீட்டும் பதிவேடும் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் எண். பிளாஸ்டிக் சீட்டில் பென்சிலால் எழுதி, கலவைக்குள் பாதி புதைத்துவிடுவேன். மார்க்கர் பேனா எழுத்து இரண்டு கோடைக்குமேல் நிற்பதில்லை, பென்சில் நிற்கிறது. காக்கை சீட்டைப் பிடுங்கிப் போடும் என்பதால் தொட்டியின் அடியிலும் அதே எண்ணை எழுதிவிடுகிறேன். நோட்டில் எண், வாங்கிய நாள், விற்றவர் சொன்ன பெயர், நான் உறுதிசெய்த பெயர் என்று தனித்தனிக் கட்டங்கள். கடைசிக் கட்டம் பாதித் தொட்டிகளுக்குக் காலியாக இருக்கிறது. கன்று பிரிக்கும்போது 14-அ, 14-ஆ என்று தாயின் எண் தொடரும்.

மண்ணே இல்லாமல் வளரும் ஏர் பிளான்ட் பற்றிச் சொல்லுங்கள்.

அவை தில்லான்சியாக்கள். பேரினத்துக்கு ஃபின்லாந்தில் வாழ்ந்த மருத்துவர் எலியாஸ் தில்லாண்ட்ஸ் பெயரை லின்னேயஸ் வைத்தார். கப்பல் பயணத்தில் வாந்தியெடுத்து அவதிப்பட்ட அவர், திரும்பும்போது கடலைச் சுற்றி நிலவழியாகவே நடந்து வந்தார் என்று சொல்லப்படுகிறது. இந்தச் செடிகளும் தண்ணீரை விரும்பாதவை என்று லின்னேயஸ் எண்ணினாராம்.

தண்ணீர் இவற்றுக்கு வேண்டும். ஆனால் நனைந்தபின் நான்கு மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை மழைநீரில் முக்கி எடுத்து, தலைகீழாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து விற்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சவப்பெட்டிதான். வேப்பெண்ணெயும் இவற்றின் மேல் வேண்டாம்.

பூச்சி வந்தால்?

மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும்தான் வரும். சில இடத்தில் மட்டும் இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பிறகு நீரால் கழுவுங்கள்.

வெளிநாட்டிலிருந்து செடி கொண்டுவரலாமா?

இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இருந்தால் மட்டும். பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். மெக்சிகோவிலிருந்து வந்த செடிகளோடு நுழைந்த ஒரு கூன்வண்டு 1989இல் ஃபுளோரிடாவில் கண்டறியப்பட்டது. அது அங்கே காட்டு மரங்களில் இருந்த தில்லான்சியாக்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. நம்மிடம் அன்னாசி விவசாயம் இருக்கிறது. ஒரு பொழுதுபோக்குக்காக அதற்குக் கேடு வரவிடக் கூடாது. ஜெரோகிராஃபிகா போன்ற சில இனங்கள் அழிவாபத்து உயிரின வர்த்தக உடன்படிக்கையான சைட்டஸின் இரண்டாம் பட்டியலிலும் இருக்கின்றன. நாற்றுப் பண்ணையில் வளர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

உங்களிடம் இன்னும் பெயர் தெரியாத செடி இருக்கிறதா?

இருக்கிறது. 31ஆம் எண் தொட்டி, ஏழாவது ஆண்டு. முள் விளிம்பு, இலையின் அடிப்பக்கத்தில் குறுக்கே வெள்ளிக் கோடுகள், நுனியில் நகம் போன்ற கறுப்பு முள். மூன்று கன்று கேட்டிருக்கிறார்கள், பூக்கும்வரை கொடுக்கவில்லை. போன வாரம் கிண்ணத்து நீரைக் கவிழ்த்தபோது, நடுவில் அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு முனை தெரிந்தது. தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.